சொல்லும் சித்திரமும்: ஆட்டிசம் உடையோர் பொருளறியும் வழி

'பையனுக்கு விரைவில் ஒரு கால்கட்டுப் போட்டுவிட வேண்டும்' என்று நம் இல்லங்களில் பெரியோர் பேசிக்கொள்வதுண்டு. கேட்பவர் எவரும் கயிற்றைத் தேடி ஓடுவதில்லை. பேச்சு திருமணத்தைப் பற்றியது என்பதை நொடிப்பொழுதில் உணர்ந்துகொள்கின்றனர். கால், கட்டு என்னும் இரு சொற்களும் தத்தம் பொருளை விட்டுவிட்டு, மூன்றாவதொரு பொருளாய் மனத்துள் விளங்கிவிடுகின்றன. இத்துணைப் பெரிய வேலையை நம் உள்ளம் நாம் அறியாமலேயே செய்து முடிக்கின்றது என்பதை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

அதே கூடத்தில் முப்பது வயது மகன் ஒருவரும் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர் ஆட்டிசம் உடையவர். அச்சொற்களைக் கேட்டதும் அவருடைய மனக்கண்முன் முதலில் வந்து நிற்பது ஒரு காலும் அதைச் சுற்றிய கயிறுமாக இருக்கலாம். திருமணம் என்னும் பொருள் சற்றுப் பின்னர் வரலாம். யாரேனும் விளக்கிச் சொன்ன பின்னரே வரலாம். அதற்குள் பேச்சு அடுத்த தெருச் செய்திக்குத் தாவியிருக்கும். அவர் மௌனமாய் இருப்பார். 'இவனுக்கு ஒன்றும் விளங்குவதில்லை' என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவர்.

இம்முடிவு சரியானதுதானா? இதுவே நாம் ஈண்டு ஆராய விழையும் வினா. இது அறிஞர்களின் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் வினா அன்று. 'விளங்காதவன்' என்று ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டால், அவரிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. தந்தையின் நோயையும், தாயின் கவலையையும், சொத்தின் நிலையையும் எவரும் அவருக்குச் சொல்வதில்லை. தமக்குரிய வாழ்வைப் பற்றிய முடிவுகளிலேயே அவர் அந்நியராகிவிடுகின்றார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். ஆட்டிசம் என்றதும் நாம் குழந்தைகளையே நினைக்கின்றோம். குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகின்றனர் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றோம்.

கானர் கண்டது

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்னும் நிலையை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொண்டதற்கு அக்கட்டுரையே அடித்தளமாயிற்று. 1946இல், அக்குழந்தைகளின் பேச்சை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு மற்றொரு கட்டுரையும் எழுதினார்.

அவர் கண்ட குழந்தைகளுள் ஒருவன், வாணலி போன்ற பாத்திரம் எதைக் கண்டாலும், ஒரு குழந்தைப் பாட்டில் வரும் பெயரை உரக்கச் சொல்லுவான். பிறர்க்கு அது வெறும் பிதற்றல். ஆனால் தாய்க்கோ அதன் வரலாறு தெரிந்திருந்தது. அவனுக்கு இரண்டு வயதாயிருந்தபோது, ஒருநாள் அவள் அப்பாட்டைச் சொல்லிக்கொண்டே அடுக்களையில் வேலை செய்துகொண்டிருக்கையில், கையிலிருந்த பாத்திரம் தவறி விழுந்துவிட்டது. அந்த நொடியில் அச்சொல்லும் அப்பாத்திரமும் குழந்தையின் உள்ளத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

மற்றொரு சிறுவன் டொனால்டு டிரிப்லெட். 'ஆம் என்று சொன்னால் உன்னைத் தோளில் தூக்கிக்கொள்வேன்' என்று அவனுடைய தந்தை ஒருமுறை சொன்னார். அன்றுமுதல் 'ஆம்' என்னும் சொல்லுக்கு அவனிடம் ஒரே பொருள்தான்: 'என்னைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள்' என்பது. அச்சொல் அந்நிகழ்ச்சியிலிருந்து விடுபட்டு, எல்லார்க்கும் பொதுவான சொல்லாக மாறப் பல மாதங்கள் சென்றன.

இவற்றால் நாம் அறிவது யாது? அக்குழந்தைகளின் சொற்கள் பொருளற்றவை அல்ல. அவற்றின் பொருள் பிறந்த இடம் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. சொல்லை அகராதியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள, அவர்களோ தாம் கண்ட காட்சியிலிருந்து எடுத்துக்கொண்டனர். அச்சிறுவன் டொனால்டு பின்னாளில் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள தம் சொந்த ஊரான ஃபாரஸ்டில் வங்கி ஊழியராய் நெடுங்காலம் பணிபுரிந்தார். தாமே கார் ஓட்டினார். தனியே உலகப் பயணங்கள் மேற்கொண்டார். 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். அவருடைய இளமைப் பேச்சை மட்டும் கேட்டு எவரேனும் தீர்ப்பெழுதியிருந்தால், அத்தீர்ப்பு எத்துணைப் பொய்த்துப்போயிருக்கும்!

படங்களாய் எண்ணும் பேராசிரியர்

தம் உள்ளம் இயங்கும் முறையைத் தாமே எடுத்துரைத்த ஆட்டிசம் உடையோருள் டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் புகழ்பெற்றவர். 1947இல் பிறந்த அவர், கால்நடைகளைக் கையாளும் கூடங்களை வடிவமைப்பதில் வல்லவர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். 1995இல் வெளிவந்த தம் நூலில், சொற்கள் தமக்கு அயல்மொழி போன்றவை என்றும், கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் படமாக மாற்றியே பொருள் கொள்வதாகவும் விளக்கியிருக்கின்றார்.

'தேவாலயக் கோபுரம்' என்னும் சொல்லைக் கேட்டால் நம்மில் பலர்க்கு என்ன தோன்றும்? உயர்ந்து கூர்மையாய் நிற்கும் ஏதோவொரு கோபுரம், மங்கலாகத் தோன்றும். அவருக்கோ அப்படித் தோன்றுவதில்லை. தாம் நேரில் கண்ட இன்ன ஊர்க் கோபுரம், இன்ன தெருக் கோபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனிப் படங்கள் வந்து நிற்குமாம். நாம் பொதுமையிலிருந்து தனிமைக்கு வருகின்றோம். அவரோ தனித்தனியானவற்றைச் சேர்த்துப் பொதுமைக்குச் செல்கின்றார்.

கண்ணுக்குப் புலப்படும் பொருள்களின் நிலை இது. கருத்துச் சொற்களை என் செய்வது? அவர் கூறும் சான்று ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகின்றது. கர்த்தர் கற்பித்த செபத்தைச் சிறுவயதில் அவர் ஆங்கிலத்தில் கற்றார். விண்ணில் இருப்பவர் என்பதைக் குறிக்க அச்செபத்தில் வரும் பழைய ஆங்கிலச் சொல், ஓவியக் கலையைக் குறிக்கும் 'ஆர்ட்' என்னும் சொல்லைப் போலவே ஒலிக்கும். ஆதலின் மேகங்களுக்கு மேலே, ஓவியப் பலகையின் முன் கடவுள் அமர்ந்திருப்பதாக அச்சிறுமி கண்டாள். குற்றத்தைக் குறிக்கும் சொல்லோ, அத்துமீறி நுழைவதையும் குறிப்பது. ஆகவே, அண்டை வீட்டு மரத்தில் மாட்டியிருந்த 'உள்ளே நுழையாதே' என்னும் பலகை அவள் கண்முன் வந்தது.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயின், செபத்தைப் பொருளறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கும் எத்தனையோ பேரைவிட, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடி உழைத்தவள் அச்சிறுமியே அன்றோ? சொல்லையே கருவியாகக் கொண்டு மேடையேறும் நம்மைப் போன்ற குருக்கள் இதை ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மூளை கூறும் சான்று

ஒருவர் தம்மைப்பற்றிக் கூறுவது ஒருபுறம் இருக்க, ஆய்வாளர் கண்டதென்ன என்றும் பார்ப்போம். 2006இல் ராஜேஷ் கானா, மார்சல் ஜஸ்ட் முதலியோர், ஆட்டிசம் உடைய பெரியவர்கள் வாக்கியங்களைப் படிக்கும்போது அவர்களுடைய மூளை எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காந்தப் படக்கருவியால் ஆராய்ந்தனர். இருவகை வாக்கியங்கள் தரப்பட்டன. எட்டு என்னும் எண்ணைப் படுக்கவைத்தால் அது மூக்குக்கண்ணாடிபோல் தோன்றும் என்பது போன்றவை முதல்வகை. அவற்றை விளங்கிக்கொள்ள மனத்தில் படம் வரைந்தாக வேண்டும். படம் தேவைப்படாத, கருத்தளவில் நிற்பவை இரண்டாம் வகை. ஆட்டிசம் இல்லாதோர் முதல்வகைக்கு மட்டுமே காட்சிக்குரிய மூளைப் பகுதிகளை மிகுதியாகப் பயன்படுத்தினர். ஆட்டிசம் உடையோரோ இருவகைக்கும் அப்பகுதிகளைப் பயன்படுத்தினர். படம் வேண்டாத இடத்திலும் அவர்களுடைய மூளை படத்தின் துணையை நாடியது.

வேறொரு வகைச் சான்றும் உண்டு. 'இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் செருப்பு வேண்டும்' என்று ஒரு வாக்கியத்தை நாம் படிப்பதாகக் கொள்வோம். 'செருப்பு' என்னும் சொல்லைக் கண்டதும் உள்ளம் துணுக்குறுகின்றது அல்லவா? அத்துணுக்குறுதல் மூளையின் மின்னோட்டத்தில் ஓர் அலையாகப் பதிகின்றது. சொல்லைக் கண்டு ஏறத்தாழ 400 மில்லி நொடி, அதாவது அரை நொடிக்கும் குறைவான நேரம் கழிந்ததும் அது உச்சத்தை எட்டும். 'என்-400' என்று பெயர்பெற்ற இவ்வலையை 1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு ஆகிய இருவரும் வெளிப்படுத்தினர். பொருந்தாத படத்தைக் கண்டாலும் இத்தகைய அலை எழும். ஆகவே ஒருவர் வாய்திறந்து விடை கூறாவிட்டாலும், அவருள்ளே பொருளறிதல் நிகழ்கின்றதா என்பதை ஓரளவு கண்டுகொள்ள இது வழிசெய்கின்றது.

இம்முறையால் 2021இல் ஓரூர்க், கோடெர் ஆகியோர், ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் இரண்டிரண்டாகக் காட்டி ஆராய்ந்தனர். சில இணைகள் தம்முள் தொடர்புடையவை, சில தொடர்பற்றவை. சொற்களைப் பொறுத்தவரை இருசாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. படங்களைக் கண்டபோதோ, ஆட்டிசம் உடையோரிடம் அவ்வலை மற்றவரிடத்தைவிடப் பெரிதாகவே எழுந்தது. சொல் அவர்களுக்கு அடைபட்ட வழியன்று. சித்திரமோ அகன்ற வழியாய் இருக்கின்றது எனலாம்.

கோத்துப் பார்ப்பதே அரிது

இத்துடன் நிறுத்திக்கொண்டால், 'படம் காட்டினால் போதும், எல்லாம் விளங்கிவிடும்' என்னும் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். உண்மை அத்துணை எளியதன்று.

தமிழில் 'பாவம்' என்று எழுதுகின்றோம். 'பாவம் செய்தவன் வருந்தினான்' என்னும்போது ஒருவாறும், 'நடனமாடியவள் முகத்தில் பாவம் ததும்பியது' என்னும்போது வேறொருவாறும் ஒலிக்கின்றோம். எழுத்து ஒன்றே. எப்படி ஒலிப்பது என்பதை அருகிலுள்ள சொற்களே நமக்குக் காட்டுகின்றன. ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் உள. 1983இல் லண்டனில் ஊட்டா ஃபிரித், மார்கரெட் ஸ்னோலிங் ஆகியோர் அவற்றை வைத்துச் சோதித்தபோது, ஆட்டிசம் உடைய பிள்ளைகள் வாக்கியத்தின் போக்கைக் கவனியாமல் பெரும்பாலும் பழகிய ஒலிப்பிலேயே படித்தனர். 1999இல் ஜாலிஃப், பேரன்-கோஹன் ஆகியோர் பெரியவர்களிடம் ஆராய்ந்தபோதும் இதே போக்கைக் கண்டனர். பகுதிகளைக் கூர்ந்து காண்பதில் இவர்கள் வல்லவர். அவற்றைக் கோத்து முழுமையாக்குவது இவர்களுக்குத் தானாக நிகழ்வதில்லை என்று ஃபிரித் விளக்கம் தந்தார்.

2003இல் லோபெஸ், லீக்கம் ஆகியோர் இதைச் சற்றுத் திருத்தினர். ஒரு சொல்லையோ ஒரு காட்சியையோ துணையாகத் தந்தால், ஆட்டிசம் உடைய பிள்ளைகள் அதைப் பிறரைப்போலவே பயன்படுத்திக்கொண்டனர். முழு வாக்கியத்தில் ஒலிப்பைத் தேர்ந்துகொள்ளும்போதே இடறினர். அங்ஙனமாயின் இடர் சொல்லிலும் இல்லை, பொருளிலும் இல்லை. பலவற்றை ஒருங்கே கோப்பதில்தான் உள்ளது.

இதற்கு உறுதி சேர்ப்பது 2018இல் கோடெர், நீல் கோன் முதலியோர் செய்த ஆய்வு. எழுத்தாலான சிறுகதையையும், எழுத்தே இல்லாத சித்திரக்கதையையும் ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்குத் தந்தனர். படக்கதையாவது அவர்களுக்கு எளிதாயிருக்கும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். ஆனால் மேற்சொன்ன அலை இரண்டிலுமே குறைந்து காணப்பட்டது. ஒரு படத்தை அறிவது வேறு. முதற்படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் இடையே நடந்ததை ஊகித்தறிவது வேறு. ஒற்றைப் படம் உடனே விளங்கும். படங்களின் தொடர்க்கோ, வாக்கியத்தைப் போலவே, இடைவெளிகளை நிரப்பியாக வேண்டும்.

அளவுகோலின் குற்றம்

ஒருவருடைய அறிவைச் சொல்லால் மட்டுமே அளந்தால் நேரும் தீங்கை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு வெளிச்சமிட்டுக் காட்டியது. அதை முன்னின்று எழுதிய மிஷல் டாசன் என்னும் கனடா நாட்டு அம்மையார் தாமே ஆட்டிசம் உடையவர். முன்பு அஞ்சல் துறையில் கடிதம் வினியோகித்தவர். அறிவுத்திறனை அளக்க இரு தேர்வுகள் வைக்கப்பட்டன. ஒன்று, வாய்மொழி வினாக்களும் விளக்கங்களும் நிறைந்த வெக்ஸ்லர் தேர்வு. மற்றொன்று, கோலங்களில் விடுபட்ட பகுதியைத் தேர்ந்தெடுக்கும் ரேவன் படத்தேர்வு. நூறு பேர் வரிசையில் நிற்பதாகக் கொண்டால், முதல் தேர்வில் ஆட்டிசம் உடைய பிள்ளைகள் பெற்ற இடத்தைவிட, இரண்டாம் தேர்வில் சராசரியாக 30 இடங்கள் முன்னேறியிருந்தனர். பெரியவர்களிடமும் இதே போக்குக் காணப்பட்டது. 2009இல் இசபெல் சூலியேர், லோரான் மோத்ரோன் முதலியோர் செய்த ஆய்விலோ, ஆட்டிசம் உடையோர் இப்படத்தேர்வைப் பிறரைப்போலவே சரியாகவும், அவர்களைவிட 40 விழுக்காடு வரை விரைவாகவும் செய்து முடித்தனர்.

எண்ணிப் பாருங்கள். அதே மனிதர், அதே மூளை. அளவுகோலை மாற்றியதும் 'மந்தம்' என்னும் சொல் மறைந்துபோகின்றது! முத்திரை குத்தியவர் யார்? குற்றம் அளக்கப்பட்டவரிடமா, அளந்தவரிடமா?

எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர்

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆட்டிசம் உடையோர் அனைவரும் படங்களாகவே எண்ணுகின்றனர் என்று கொள்ளலாகாது. கிராண்டின் அம்மையாரே தம் முதற்கருத்தைப் பின்னர்த் திருத்திக்கொண்டார். படமாய் எண்ணுவோர், எண்ணும் இசையும் போன்ற ஒழுங்குகளாய் எண்ணுவோர், சொல்லாகவே எண்ணுவோர் என்று இவர்களுள் மூவகையினர் உளர் என்று எழுதினார். மனக்கண்ணில் எப்படமும் தோன்றாத மக்கள் சிலர் உலகில் உண்டு. அவர்களிடத்தில் ஆட்டிசத்தின் இயல்புகள் சற்று மிகுதியாகக் காணப்படுவதாக 2021இல் ஓர் ஆய்வு கூறிற்று. மொழித்திறன் நன்கு வளர்ந்த ஆட்டிசம் உடையோர் பலர் மரபுத்தொடர்களைத் தடையின்றிப் புரிந்துகொள்கின்றனர். ஆகவே நம் வீட்டிலுள்ள ஒருவர் எவ்வழியில் பொருளறிகின்றார் என்பதை எந்நூலும் நமக்குச் சொல்லாது. அவரிடமே கேட்டும், அவரைக் கவனித்தும் அறிதல் வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுவோம். 'கொஞ்ச நேரத்தில் கிளம்பலாம்' என்பதைவிட 'பத்து மணிக்குப் பேருந்து நிலையம் செல்வோம்' என்பது தெளிவானது. மரபுத்தொடரைச் சொல்ல நேர்ந்தால் அதன் பொருளையும் உடன் சொல்லுவோம்.

இரண்டாவது, காத்திருப்போம். சொல்லைப் படமாக்கி, படத்தை மீண்டும் சொல்லாக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்டால், அவர் பாதி கட்டிய பாலத்தை நாமே இடித்தவராவோம்.

மூன்றாவது, சொன்னதைக் கண்ணுக்கும் தருவோம். சொல் காற்றில் மறையும். எழுத்தும் படமும் நிலைத்து நிற்கும். வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் 1972இல் நிறுவிய டீச் என்னும் திட்டம், அன்றாட வேலைகளைப் படவரிசையாக அமைத்துத் தருவதில் முன்னோடி. 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய முறையில், பேசாதவர் தமக்கு வேண்டியதைக் குறிக்கும் பட அட்டையைப் பிறர் கையில் தந்து கேட்கின்றார். வயிற்றுவலியைச் சொல்லத் தெரியாதவர், உடலின் படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடக் கூடும். மருத்துவரிடம் செல்லும்போது இது உயிர்காக்கும் உதவி.

நான்காவது, படத்தையும் கருத்தோடு தேர்வோம். குழாயின் படம் கைகழுவுவதைக் குறிக்கின்றதா, குடிநீரையா? தெளிவில்லாத படம் தெளிவில்லாத சொல்லைவிட மேலானதன்று. இயன்றால் அவ்வீட்டுப் பொருளின் புகைப்படத்தையே பயன்படுத்துவோம். படங்கள் பலவாயின், எண்ணிட்டு, இடையில் நடப்பதையும் காட்டுவோம். பெரியவருக்குப் பாலர் பள்ளிப் படங்களைத் தருவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஐந்தாவது, 'புரிந்ததா?' என்று கேளாதிருப்போம். அதற்கு 'ஆம்' என்பதே எளிய விடை. 'நாளை என்ன செய்யப் போகிறோம்?' என்று கேட்டால், விளங்கியது எது, விளங்காதது எது என்பது நமக்கே தெரியவரும்.

பாலத்தின் இரு கரைகள்

இதுவரை நாம் அவர்களுடைய பொருளறிதலைப் பற்றியே பேசினோம். நம்முடையது எப்படி? தாமும் ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர் 2012இல், விளங்காமை என்பது இருதரப்பிலும் உள்ளது என்று வாதிட்டார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது எவ்வளவு உண்மையோ, நாம் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதும் அவ்வளவே உண்மை. 2020இல் எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் முதலியோர், ஒரு கதையை ஒருவர் மற்றவருக்கும் அவர் அடுத்தவருக்குமாகச் சொல்லிச் செல்லும் சங்கிலி ஒன்றை அமைத்தனர். ஆட்டிசம் உடையோர் மட்டும் நின்ற சங்கிலியில், மற்றவர் மட்டும் நின்ற சங்கிலிக்குச் சற்றும் குறையாமல் செய்தி சென்றடைந்தது. அவர்களுக்குள் பேச்சு விளங்கவே செய்கின்றது!

பாத்திரத்தைக் கண்டு பாட்டின் பெயரைச் சொன்ன அக்குழந்தைக்கு வேண்டியிருந்தது, அதன் வரலாற்றை அறிந்த ஒரு தாய். அவள் ஒருத்திக்கு மட்டும் அது பிதற்றலாய்த் தோன்றவில்லை. ஏனெனில் அவள் அருகில் இருந்தாள், கவனித்தாள், நினைவில் வைத்திருந்தாள்.

நம் கூடத்தில் மௌனமாய் அமர்ந்திருக்கும் அம்மகனுக்கும் அத்தகையோர் வேண்டும். பேச்சு முடிந்தபின் ஒருவரேனும் அவரருகே அமர்ந்து, 'கால்கட்டு என்றோமே, உன் தம்பிக்குக் கல்யாணம் செய்வதைப் பற்றித்தான் பேசினோம். நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கட்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். விடை சொல்லாகவும் வரலாம். அலமாரியில் உள்ள பழைய குடும்பப் படத்தைச் சுட்டும் விரலாகவும் வரலாம். எவ்வடிவில் வரினும் அது விடையே. அதைக் கேட்டறியும் கடமை நம்முடையது.